ஏழாம் நம்பர் மட்டையும் என் அண்ணனும்

திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தன் கோல்ஃப் பற்றி எழுதுகிறான் என்றால் நீங்கள் சிரிக்கத்தான் செய்வீர்கள். எங்கள் ஊரில் கோல்ஃப் மைதானம் கிடையாது. அவ்வளவு பெரிய புல்வெளி இருந்தால் மறுநாளே ஆடுகள் மேய்ந்துவிடும். நானும் இன்றுவரை அந்த ஆட்டத்தை ஒரு முறைகூட ஆடியதில்லை. முப்பது வருடமாக அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார், அவ்வளவுதான்.

என் அண்ணன்தான் இதை எழுத வைக்கிறார். அவர் சென்னையில் ஏறக்குறைய 45 வருடம் கேடியாக இருந்தவர்.

இந்தச் சொல்லில்தான் முதல் தகராறே. கோல்ஃப் ஆடுகிறவரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவருக்கு ஆங்கிலத்தில் கேடி என்று பெயர். எங்கள் கிராமத்தில் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ மாட்டியிருப்பவன். "பெரியவன் மெட்ராஸ்ல இன்னா பண்றான்?" என்று கேட்டவர்களிடம் அம்மா வெள்ளந்தியாக "கேடியா இருக்கான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த வருடம் முழுக்க ஊரே எங்களை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது.

அப்பா 1976-ல் இறந்தபோது எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பதிமூன்று. வேட்டவலம் போகும் சாலையில் உள்ளே தள்ளி எங்கள் கிராமம். அம்மாவுக்குக் கூலி வேலை. நடவு, களை, அறுப்பு, கதிரடி என்று எது கிடைத்தாலும் போவாள். மறு வருடம் எட்டாம் வகுப்பு முடித்த கையோடு, தூரத்து உறவில் மாமா ஒருவர் அண்ணனைச் சென்னைக்கு அழைத்துப் போனார். "வெள்ளக்காரன் விட்டுட்டுப் போன வெளையாட்டு. பையத் தூக்கிக்கினு பின்னாடி நடந்தா காசு" என்றாராம்.

வெள்ளைக்காரன் விட்டுப்போனது உண்மைதான். 1829-லேயே கல்கத்தாவில் கோல்ஃப் கிளப் வைத்துவிட்டார்கள். பிரிட்டனுக்கு வெளியே அதற்கு முந்தைய கிளப் இல்லை என்கிறார்கள். நம் பக்கம் ஊட்டியில் ஆடினார்கள், கொடைக்கானலில் 1895-ல் கிளப் தொடங்கினார்கள். அண்ணன் காலத்தில் சென்னையில் பேர்பெற்ற மைதானங்கள் இரண்டு இருந்தன. ஒன்று கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்கு உள்ளேயே, இன்னொன்று நந்தனத்தில். அண்ணன் எங்கே வேலை பார்த்தார் என்று எழுத வேண்டாம் எனச் சொல்லிவிட்டார். "அவங்க சோறு போட்டாங்க, போடல, அதெல்லாம் எதுக்கு பேப்பர்ல" என்றார். விட்டுவிட்டேன்.

மாதா மாதம் மணியார்டர் வரும். அதில்தான் நான் பி.எஸ்சி. படித்தேன், பி.எட். படித்தேன், வாத்தியார் ஆனேன். 1998-ல் என் கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று பிரஸ்ஸில் கேட்டார்கள். "தனியார் நிறுவனம், சென்னை" என்று போடச் சொன்னேன். பத்திரிகையை அண்ணன் கையில் கொடுத்தபோது முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "பேப்பர் நல்லா தடியா இருக்குடா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் அதை மறந்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொரோனா சமயத்தில் மைதானத்தை மூடியதும் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்கு முன்பு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இரண்டு நாள் தங்குவார். மாதக்கணக்கில் தங்கியது அப்போதுதான்.

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. இன்னும் விடியவில்லை. கூடத்தில் டி.வி. சத்தம். எழுந்து வந்து பார்த்தால் அண்ணனும் என் மகளும் போர்வையைப் போர்த்திக்கொண்டு டோக்கியோ ஒலிம்பிக்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெங்களூருப் பெண் அதிதி அசோக், பெண்கள் கோல்ஃபில் பதக்கத்துக்குப் போராடிக்கொண்டிருந்தார். பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தது அவருடைய அம்மா.

"பாத்தியாடா, அவங்கம்மா கேடி" என்றார் அண்ணன். எனக்குச் சுருக்கென்றது.

"இந்தப் பொண்ணுக்குத் தூரம் பத்தாது. கூட ஆடுறதுங்க எல்லாம் இன்னும் முப்பது, நாப்பது கஜம் தள்ளி அடிக்குதுங்க. ஆனா குழிகிட்ட வந்துட்டா இதான் ராணி. பாரு" என்று ஒவ்வொரு அடிக்கும் முன்னால் என்ன நடக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பந்து கிளம்பிய நொடியிலேயே "ரைட்ல போயிடும்" என்பார். போகும். கடைசிக் குழியில் அதிதி உருட்டிய பந்து உள்ளே விழவில்லை. ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் வெண்கலம் போய் நான்காம் இடம். அண்ணன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ப் பல் தேய்த்தார்.

அன்றைக்குச் சாயந்திரம் என் மகள் பிடித்துக்கொண்டாள். அப்போது அவள் பிளஸ் டூ. "பெரியப்பா, பந்து கிளம்பறதுக்குள்ள எங்க போகும்னு எப்படித் தெரியுது உங்களுக்கு?"

"மட்டையோட மூஞ்சியப் பாப்பேன். அது எந்தப் பக்கம் பாக்குதோ பந்து அந்தப் பக்கம் கெளம்பும். மட்டை வர்ற வழி வேறயா இருந்தா, போகப் போக வளையும். மூஞ்சி ஒரு பக்கம், வழி ஒரு பக்கம்னா பந்து பாவம் இன்னா பண்ணும்?"

பிறகு அவள் தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னாள். பல காலம் கோல்ஃப் புத்தகங்களில் இது தலைகீழாக இருந்ததாம். மட்டை வரும் வழியில் பந்து கிளம்பும், முகம் பார்க்கும் திசையில் போய் முடியும் என்று எழுதி வைத்திருந்தார்கள். ராடார் கருவி வைத்துப் பந்தை அளக்க ஆரம்பித்த பிறகுதான், கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டையின் முகம் என்பது எல்லோருக்கும் தெளிவானது. அண்ணனிடம் ராடார் கிடையாது. ஆட்டக்காரருக்குப் பின்னால் பையோடு 45 வருடம் நின்றிருந்தார். பந்து எங்கே விழுந்தது என்று சொல்ல முடியாவிட்டால் அன்றைய வேலை போச்சு.

நான் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். மட்டையின் முகம் ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்து பந்தும் அதன்படி கிளம்பினால், 200 மீட்டர் தூரத்தில் மூன்றரை மீட்டர் விலகிவிடும். போய்ச் சேர வேண்டிய குழியின் விட்டமோ 108 மில்லிமீட்டர். நம் வீட்டு காபி டபராவைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு டிகிரி எவ்வளவு என்று பாகைமானியில் பாருங்கள். என் பிள்ளைகள் பென்சிலைக் கூர் சீவாமல் கோடு போட்டாலே அதற்கு மேல் பிசகும்.

இரண்டு மாதத்தில் மைதானம் திறந்து அண்ணன் திரும்பப் போய்விட்டார். 2023 அக்டோபரில் சென்னையிலிருந்து போன் வந்தது. பக்கவாதம். வலது பக்கம்.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். பிறகு அவரையும் ஒரு தகரப் பெட்டியையும் ஒரு நீளமான துணி மூட்டையையும் வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்தேன். அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேறு எங்கே போவார்?

ஆரம்பத்தில் பேச்சு குழறியது. இரண்டு, மூன்று மாதத்தில் தெளிந்தது. ஆனால் பேச்சு வந்த பிறகுதான் அவர் பேசுவதையே நிறுத்தினார். பயிற்சி கொடுக்க வந்த ஃபிசியோ தம்பி நல்ல பொறுமைசாலி. "ஐயா, வலது காலுக்கு வெயிட் குடுங்க. காலு உங்களதுதான், நம்புங்க" என்று தினமும் கெஞ்சுவார். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நிற்க வைத்தால் உடம்பு மொத்தத்தையும் இடது காலில் போட்டு, தென்னை மரம் மாதிரி சாய்ந்து நிற்பார். நான் வாத்தியார் குரலில் அதட்டினேன். என் மனைவி அழுது பார்த்தாள். பௌர்ணமி அன்று கிரிவலம் போகிற கூட்டத்தை ஜன்னலில் பார்த்தபோது மட்டும் ஒரு முறை வாய் திறந்தார். "மாசத்துக்கு ஒரு தபா பதினாலு கிலோமீட்டர் நடந்துட்டு கால் வலிக்குதுங்கறீங்க. நான் பையத் தூக்கிக்கினு தெனம் பாதி கிரிவலம் போனவன்டா." பதினெட்டுக் குழியும் ஆடி முடிக்க ஏழெட்டு கிலோமீட்டர் நடை. கணக்கு சரிதான்.

2024 பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தோம். அந்தத் துணி மூட்டையை மகள் பிரித்தாள். உள்ளே ஒரே ஒரு கோல்ஃப் மட்டை. செவன் அயர்ன் என்பார்கள், ஏழாம் நம்பர் இரும்பு. பிடி தேய்ந்து கறுத்திருந்தது. அடியில் துரு. ஆட்டத்துக்குப் பதினான்கு மட்டை வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். அண்ணனுக்குச் சொந்தமாக இருந்தது இந்த ஒன்றுதான். 1984-ல் ஊரைவிட்டுப் போன ஒரு பெரியவர் கொடுத்துவிட்டுப் போனதாம். அதற்கு முன்னால் கட்டடக் கம்பியை வளைத்து வைத்து அடித்துப் பழகியிருக்கிறார்கள் கேடிப் பையன்கள்.

மகள் அதைக் கொண்டுபோய் அண்ணன் மடியில் வைத்தாள். அவர் இடது கையால் பிடியைச் சுற்றி விரல்களை ஒவ்வொன்றாக வைத்தார். கடைசி மூன்று விரல் இறுக்கமாக, மற்றது தளர்வாக. அப்புறம், "மாடிக்குப் போலாமா?" என்றார். மூன்று மாதத்தில் அவராகக் கேட்ட முதல் விஷயம் அது. பதினெட்டுப் படி. அரை மணி நேரம் ஆயிற்று.

எங்கள் மொட்டை மாடியிலிருந்து மலை நேராகத் தெரியும், ராஜகோபுரத்தின் மேல் பாதியும் தெரியும். அந்த மாடிதான் அடுத்த நான்கு மாதத்துக்குப் பள்ளிக்கூடம். மகள் அப்போது இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் ஒரு செயல்திட்டம் செய்ய வேண்டும். "பெரியப்பாவோட அடியையே எடுத்துக்கறேன்" என்று போனை ஸ்லோ மோஷனில் வைத்துவிட்டாள். நான் சாக்பீஸோடு போனேன், வழக்கம்போலப் பாடம் நடத்தலாம் என்று.

கைப்பிடிச் சுவரில் ஒரு வட்டம் போட்டேன். நடுவில் தோள், ஆரம் கை, நுனியில் மட்டை. அண்ணன் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "வட்டம் சரிடா வாத்தியாரே. ஆனா செங்குத்தா நிக்காது. சாஞ்சி நிக்கும்." தண்ணீர்த் தொட்டி ஓரம் கிடந்த தகர ஷீட்டைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு விளிம்பைத் தரையில் பந்து இருக்கும் இடத்தில் வைத்து, மறு விளிம்பைத் தன் தோள் மேல் சாய்த்துக்கொண்டார், கூரைச் சாய்ப்பு மாதிரி. "இந்தத் தகரத்துக்கு அடியிலேயே போய்ட்டு அடியிலேயே வரணும். ஒடச்சிக்கினு வெளிய வந்தா பந்து எங்கியோ போவும்."

பென் ஹோகன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 1957-ல் எழுதிய புத்தகத்தில் இதே படம் இருக்கிறது. தகரத்துக்குப் பதில் கண்ணாடி. பந்திலிருந்து தோள் வரை சாய்த்த கண்ணாடிக்கு நடுவில் ஓட்டை போட்டு ஆளின் தலை வெளியே நீட்டியிருக்கும். மகள் போனில் அதைக் காட்டியபோது அண்ணன், "அது கண்ணாடி. நம்பளுக்குத் தகரம் போதும்" என்றார். இதை வைத்து முழுக்க வடிவியலாகவே ஒருவர் புத்தகம் போட்டிருக்கிறார், ஹோமர் கெல்லி, 1969-ல். ஒரு வீச்சை 24 கூறுகளாகப் பிரித்திருக்கிறாராம். எனக்கே தலை சுற்றியது. அண்ணனுக்கு அதைச் சொல்லவில்லை.

அடுத்தது பந்தை எப்படி மேலே எழுப்புவது. நாம் என்ன நினைப்போம்? கீழிருந்து மேலாகத் தூக்கி அடிக்க வேண்டும் என்றுதானே? புதிதாக ஆட வருகிற பெரிய மனிதர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். தரையைக் கொத்துவார்கள், இல்லையென்றால் பந்தின் தலையில் தட்டுவார்கள். அண்ணன் தரையில் ஒரு புளியங்கொட்டையை வைத்தார். அதுதான் பந்து. அதற்கு முன்னால், பந்து போக வேண்டிய பக்கமாக நான்கு விரல் தள்ளி இன்னொன்றை வைத்தார். "வட்டத்தோட அடிமட்டம் இங்க. மொதல்ல பந்து, அப்பறம்தான் மண்ணு. மட்டை எறங்கிக்கினு இருக்கும்போதே பந்தத் தொட்டுடணும். தூக்கற வேல நம்பளுது இல்ல. மட்டையோட மூஞ்சி சாஞ்சிருக்கு பாரு, அது தூக்கும்."

அந்தப் பழைய மட்டையின் முகத்தைப் பாகைமானி வைத்து அளந்தேன். 36 டிகிரி சாய்வு. வட்டத்தின் அடிப்புள்ளியில் தொடுகோடு தரைக்கு இணை. அதற்கு முன்னால் எந்தப் புள்ளியில் தொடுகோடு போட்டாலும் அது கீழ்நோக்கித்தான் போகும். முப்பது வருடம் கரும்பலகையில் வட்டம் போட்டு, தொடுகோடு போட்டு, "ஆரத்துக்குச் செங்குத்து" என்று ஓயாமல் சொல்லியிருக்கிறேன். அந்தக் கோட்டில் ஒரு பந்தை வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஆனால் என்னை உட்கார வைத்தது வேறு ஒன்று.

"எல்லாம் சரி பெரியப்பா. கை அவ்ளோ வேகமா போகலியே, மட்டை நுனி மட்டும் எப்படி அந்த வேகம் போகுது?" என்று மகள் கேட்டாள். தேர்ந்த ஆண் ஆட்டக்காரர்களின் பெரிய மட்டை பந்தைத் தொடும்போது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கிறது. எந்த மனிதனாலும் கையை அவ்வளவு வேகமாக ஆட்ட முடியாது.

அண்ணன் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க பாட்டி கதிரடிக்கறத நீ பாத்ததில்ல. உங்கப்பன் பாத்திருக்கான். கேளு."

பார்த்திருக்கிறேன். நெற்கதிர்க் கட்டைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, இரண்டு முனையையும் முறுக்கிக் கையில் பிடித்துக்கொள்வார்கள். கட்டைத் தலைக்கு மேலே பின்னால் சுழற்றிக் கொண்டுபோய் களத்துக் கல்லில் அடிப்பார்கள். அம்மா ஒல்லி. கட்டு அவளைவிடப் பருமனாகத் தெரியும். ஆனால் அவள் அடித்தால் ஒரே அடியில் பாதி நெல் கொட்டிவிடும். பக்கத்தில் வாட்டசாட்டமான ஆட்கள் நாலு அடி அடிப்பார்கள்.

"அம்மா கட்டப் பின்னால கொண்டு போவும். கட்டு இன்னும் பின்னால போய்க்கினே இருக்கும், அப்பவே அதோட இடுப்பு முன்னால திரும்பிடும். அப்பறம் தோளு. அப்பறம் கை. கயிறு கடைசி. கை கீழ வந்து நிக்கற மாதிரி ஆவும் பாரு, அப்பத்தான் கட்டு பாயும். கையில இருக்கற வேகத்த எல்லாம் கயிறு வாங்கிக் கட்டுக்குக் குடுத்துடும். நான் மெட்ராஸ் போயி மொத மொதல்ல ஒரு நல்ல ஆட்டக்காரர் அடிக்கறதப் பாத்தப்ப, அட இது நம்ப அம்மாடான்னு நெனச்சேன்."

மகள் எழுந்து நின்றுவிட்டாள். "அப்பா, இது டபுள் பெண்டுலம்!"

இரட்டை ஊசல். ஓர் ஊசலின் நுனியில் இன்னோர் ஊசலைத் தொங்கவிட்டது போல. தோளிலிருந்து கை ஓர் ஊசல். மணிக்கட்டு என்ற கீலிலிருந்து மட்டை இன்னோர் ஊசல். இங்கிலாந்தில் காக்ரன், ஸ்டாப்ஸ் என்ற இருவர் ஒரு விஞ்ஞானிகள் குழுவின் ஆராய்ச்சியைத் தொகுத்து 1968-ல் வெளியிட்ட புத்தகத்தில் கோல்ஃப் வீச்சை இப்படித்தான் விளக்கினார்கள். மணிக்கட்டை மடக்கியபடியே கையை இறக்க வேண்டும். மட்டை பின்தங்கியே வரும். சுழற்சி வேகமெடுக்கும்போது மட்டைத் தலை வெளிப்பக்கம் பறக்கப் பார்க்கும், மணிக்கட்டு தானாக விரியும். அந்தக் கணத்தில் கையின் வேகம் குறைந்து மட்டையின் வேகம் எகிறும். சீக்கிரமே மணிக்கட்டை விரித்துவிட்டால் வேகம் பந்துக்கு முன்பே செலவாகிவிடும். நிறைய பேர் செய்யும் தப்பு அதுதான். பலசாலிகள்தான் அதிகம் செய்வார்கள் என்பது அண்ணனின் கணிப்பு. "கையில தெம்பு இருக்கறவன் அவசரப்படுவான். அம்மாவுக்குத் தெம்பு இல்ல, அதனால அது காத்திருந்துச்சி."

அம்மா 2009-ல் போய்விட்டாள். அவள் கதிரடித்ததில் ஒரு கணக்கு இருந்தது என்று அவள் இருக்கும்போது யாரும் அவளிடம் சொல்லவில்லை.

வலது கை வராத ஆள் எப்படி அடித்துக் காட்டினார் என்று கேட்பீர்கள். இங்கேதான் எங்களுக்கு ஒரு நல்ல காலம். வலது கை ஆட்டக்காரர் பந்துக்குப் பக்கவாட்டில் நிற்பார், இடது தோள் குழியைப் பார்த்திருக்கும். அவருக்கு வட்டத்தின் ஆரம் இடது கைதான். அது நீட்டியபடியே இருக்கும். வலது கை துணைக்கு வருவது. அண்ணனுக்கு ஆரம் பத்திரமாக இருந்தது!

ஒற்றைக் கையால் அடித்த பெரிய ஆள் ஒருவர் உண்டு. 1971 பிப்ரவரியில் அப்போலோ 14-ல் நிலவுக்குப் போன ஆலன் ஷெப்பர்டு. மண் அள்ளுகிற கருவியின் கைப்பிடியில் ஆறாம் நம்பர் மட்டையின் தலையை மாட்டி இரண்டு பந்து அடித்தார். விண்வெளி உடுப்பு விறைப்பாக இருந்ததால் இரண்டு கையும் சேரவில்லை, ஒரு கையால்தான் வீசினார். மைல் கணக்கில் போனதாக அங்கேயே பெருமை அடித்துக்கொண்டார். ஐம்பது வருடம் கழித்துப் படங்களை வைத்து அளந்தார்கள். முதல் பந்து 24 கஜம், இரண்டாவது 40 கஜம். இதைச் சொன்னதும் அண்ணன் அன்றைக்கெல்லாம் சிரித்தார். "சந்திரனுக்குப் போனாலும் மெம்பருங்க ஒரே மாதிரிதான்டா. நூறு கஜம் அடிச்சிட்டு எரநூறும்பாங்க. நாங்களும் ஆமா சார்னுதான் சொல்லணும்."

வீசுவதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. மட்டையைப் பின்னால் கொண்டுபோகும்போது உடம்பின் பாரம் வலது காலுக்குப் போக வேண்டும். இறங்கும்போது இடது காலுக்கு வர வேண்டும். வலது காலுக்குப் பாரம் போகாமல் பின்வீச்சே இல்லை. ஃபிசியோ தம்பி மூன்று மாதம் கெஞ்சியது இதற்குத்தான். அண்ணன் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடிச் சுவரில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, நான் பக்கத்தில் பிடித்திருக்க, மட்டை இல்லாமலே வலது, இடது, வலது, இடது என்று ஊஞ்சல் மாதிரி அசைய ஆரம்பித்தார். தினமும் காலையில் அரை மணி, சாயந்திரம் அரை மணி. ஃபிசியோ தம்பி பார்த்துவிட்டு, "இதையே பண்ணட்டும் சார். யாராவது ஒருத்தர் பக்கத்துலயே நில்லுங்க" என்றார். மாசி மாதம் துளைப் பந்து ஒன்றை, எடையே இல்லாத பிளாஸ்டிக் பந்து, இடது கையால் தட்டினார். பங்குனியில் அரை வீச்சு. வலது கை திரும்ப வரவில்லை. இன்றைக்கும் அதில் ஒரு காலி டம்ளரைப் பிடிப்பார், அவ்வளவுதான். கால் மட்டும் ஏதோ ஒரு நாளில் அவருடையது ஆகிவிட்டது. எந்த நாள் என்று எங்களுக்கே தெரியாது.

மகள் போனில் படத்தைச் சட்டம் சட்டமாக எண்ணுவாள். தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு மட்டையை மேலே கொண்டுபோக முக்கால் விநாடி, இறக்கக் கால் விநாடி. மூன்றுக்கு ஒன்று. அண்ணனுக்கு இரண்டரைக்கு ஒன்று வந்தது. "அவசரம்" என்று அவரே சொல்லிக்கொண்டார். மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. பெரிய மட்டையின் வேகத்தில் கணக்குப் போட்டால் அந்த நேரத்தில் பந்தும் மட்டையும் சேர்ந்து நகர்வது இரண்டு சென்டிமீட்டர்தான். அப்புறம் ஆட்டக்காரர் கையில் ஒன்றும் இல்லை.

சித்திரையில் ஒரு ராத்திரி மகள் என்னிடம் தனியாக வந்தாள். "அப்பா, பெரியப்பா ஏன் புரொஃபஷனல் ஆகலைன்னு கேட்டேன்."

திங்கட்கிழமைகளில் மைதானத்துக்கு விடுமுறை. அன்று கேடிகள் ஆடிக்கொள்ளலாம். அப்படி ஆடித் தேறியவர்கள் உண்டு. 1991-ல் டெல்லியில் கேடியாக இருந்து வந்த அலி ஷேர் இந்தியன் ஓபன் ஜெயித்தார். இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் அதை வென்றது அதுதான் முதல் தடவை. 2009-ல் பெங்களூரில் கேடியாகத் தொடங்கிய முனியப்பா ஜெயித்தார். அலி ஷேர் ஜெயித்த செய்தி வந்த அன்று அண்ணனும் கூட்டாளிகளும் காசு போட்டுப் பிரியாணி சாப்பிட்டார்களாம். அந்த வருடமே வெளியூரில் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுக்க அண்ணன் பணம் சேர்த்து வைத்திருக்கிறார். ஜூனில் என் பி.எட். ஃபீஸ் வந்துவிட்டது.

எனக்கு அந்த மணியார்டர் ஞாபகம் இருக்கிறது. வழக்கத்தைவிட மூன்று மடங்கு வந்தது. 'ஓவர்டைம்' என்று கூப்பனில் எழுதியிருந்தார். கேடிக்கு ஏது ஓவர்டைம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் மாடியில் கேட்டுவிட்டேன். அண்ணன் மட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "போயிருந்தா மட்டும் ஜெயிச்சிருப்பனா? என் பட்டிங்கப் பத்தி உனக்குத் தெரியாது. மூணடியில இருந்து உருட்டச் சொன்னா கை ஒதறும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ மட்டும் இன்னா, தனியார் நிறுவனம்னு போட்ட. தப்பு ஒண்ணும் இல்லியே. கெவர்மெண்டா அது?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இருபத்தாறு வருடம் கழித்து.

வைகாசியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன்னால் மூன்று பேரும் போனோம். அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு கரையில் இறங்கினார். மகள் நிஜப் பந்து ஒன்று ஆன்லைனில் வாங்கி வைத்திருந்தாள். 46 கிராம்கூட இல்லை, ஆனால் கையில் எடுத்தால் கல் மாதிரி இருக்கிறது. மேலெல்லாம் குழி. குழி இருப்பதால்தான் காற்று அதைச் சீக்கிரம் இழுத்து நிறுத்துவதில்லை, இல்லாவிட்டால் பாதித் தூரம்கூடப் போகாது என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அண்ணன் காதில் வாங்கவில்லை. ஒரு பிடி புழுதியை எடுத்து உதறிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். மண்ணில் காலால் தேய்த்துத் தேய்த்து ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். மலைக்கு நேராக நின்றார்.

"நீ தள்ளி நில்லு. அங்க, ரைட்ல. பந்து விழற எடத்தப் பாரு. பந்தயே பாரு, என்னப் பாக்காத" என்றார் என்னிடம்.

நான் அவரைத்தான் பார்த்தேன். விழுந்துவிடுவாரோ என்ற பயம். மட்டை பின்னால் போனது. வலது கால் தாங்கியது. மேலே போன மட்டை நின்ற மாதிரி இருந்தது, ஆனால் இடுப்பு அதற்குள் திரும்பிவிட்டது. பிறகு டக் என்று ஒரு சத்தம். ஒரு புழுதி. பந்துக்கு அப்பால், புளியங்கொட்டை வைத்துக் காட்டிய அதே இடத்தில், மண்ணில் ஒரு கீறல்.

"போச்சு எங்க?" என்றார் அண்ணன்.

எனக்குத் தெரியவில்லை. மகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் தெரியவில்லை.

"நாப்பத்தஞ்சு வருசத்துல ஒரு பந்தத் தொலச்சிருப்பனாடா நான்? போ, அந்தக் கருவேல மரத்துக்கு நேரா போ."

நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெடித்த மண்ணில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போனேன். அறுபது அடி எடுத்து வைத்திருப்பேன். கோரைப் புல் ஒரு திட்டாகக் காய்ந்து கிடந்தது. குனிந்து விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னும் ரெண்டடி முன்னால போ. லெஃப்ட்ல. லெஃப்ட்லடா வாத்தியாரே!"